மூச்சுக்கு ஏற்ற உயரம்

ஓசூரில் குளிர்காலம் தொடங்கிவிட்டதை நான் என் மனைவியின் நெஞ்சுச் சத்தத்தில்தான் தெரிந்துகொள்வேன். ஐப்பசி மழை ஓய்ந்து, பாகலூர் சாலையில் காலைப் பனி இறங்கத் தொடங்கும் வாரத்தில் அவள் மூச்சுக்குள் சன்னமாக ஒரு விசில் கேட்கும். முதலில் படியேறும்போது மட்டும். பிறகு பேசும்போதும். மார்கழியில் அவளால் படுக்க முடியாது. சுவரில் தலையணையைச் சாய்த்து உட்கார்ந்தபடியே தூங்குவாள். நான் பக்கத்தில் படுத்து, அந்த விசில் ஏறுகிறதா இறங்குகிறதா என்று கேட்டுக்கொண்டிருப்பேன். எனக்குத் தூக்கம் என்பது அந்தச் சத்தத்தின் இடைவெளிகளில் வருவதுதான்.

நாங்கள் இருவரும் கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் காட்டைச் சேர்ந்தவர்கள். கல்யாணமான வருடமே எனக்கு ஓசூர் தொழிற்பேட்டையில் வேலை கிடைத்து இங்கே வந்துவிட்டோம். அப்போது அவளுக்கு ஒன்றும் இல்லை. முதல் குளிர்காலத்தில் வாயிலிருந்து புகை வருவதைக் கண்டு இருவரும் சிறுபிள்ளைகள்போல் ஊதி ஊதிச் சிரித்தோம். மகள் பிறந்து, படித்து, சென்னைக்கு வேலைக்குப் போன பிறகுதான் இந்த இழுப்பு வந்தது. ஒவ்வொரு வருடமும் கொஞ்சம் முன்னதாக வந்து கொஞ்சம் தாமதமாகப் போயிற்று. வீட்டிலேயே ரவிக்கை தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தவள், துணித்தூசு ஆகாது என்று மருத்துவர் சொன்னதும் எந்திரத்துக்கு உறை போட்டு மூடினாள். சென்ற வருடத்துக்கு முந்தைய குளிரில் இரண்டு முறை மருத்துவமனையில் சேர்க்க வேண்டியிருந்தது. இரண்டாவது முறை அவள் உதடுகள் நீலமாக இருந்தன. இன்னொரு குளிர்காலத்தை அவள் இதே வீட்டில் கடக்கக் கூடாது என்று அன்று முடிவு செய்தேன்.

மருத்துவர் அளந்து பேசுகிறவர். "மருந்தை விடாம இழுத்துக்கிட்டு வாங்க. கொஞ்சம் கீழ, வெயில் ஊராப் பாத்து இருந்து பாக்கலாம். சில பேருக்குக் கேக்கும், சில பேருக்குக் கேக்காது" என்றார். நான் முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

என் வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். லாரிகளுக்கான கியர் உருப்படிகள் செய்யும் தொழிற்சாலையில் பொதிகட்டி அனுப்பும் பிரிவு என் பொறுப்பு. எண்ணெய் தடவி, நெகிழிப் பையில் அடைத்து, அட்டைப்பெட்டியில் வைத்து, நாட்டின் எல்லா மூலைகளுக்கும் அனுப்புகிறோம். இந்த நாட்டின் நிலத்தை நான் அதிகம் நேரில் பார்த்ததில்லை. திரும்பி வரும் புகார்களிலிருந்து தெரிந்துகொண்டேன்.

கொங்கணக் கடற்கரையில் மழைக்காலத்தில் எங்கள் பெட்டிகள் ஊறிய அப்பளம்போல் தொய்ந்துவிடும். அதே லாரி மேற்கு மலையை ஏறிக் கடந்து ஹூப்ளிக்கு வந்தால் அதே பெட்டிகள் காய்ந்து மொறுமொறுவென்று நிற்கும். நடுவில் ஒரு மலைச்சுவர், அவ்வளவுதான். மழை முழுவதும் அந்தப் பக்கமே இறங்கிவிடுகிறது. கட்ச் உப்புச் சதுப்பிலிருந்து வரும் புகாரில் துரு புள்ளிபுள்ளியாக இருக்கும், அம்மை போட்டதுபோல. பார்மேர் பாலைவன வெயிலில் ஒட்டு நாடாவின் பசை வறண்டு பெட்டி தானாகவே திறந்துகொள்ளும். மாவுபோன்ற மணல் எண்ணெயில் ஒட்டிக்கொள்ளும். கங்கைச் சமவெளியில் குளிர்காலப் பனிமூட்டம் லாரிகளை நாட்கணக்கில் நிறுத்திவைக்கும். தார்ப்பாயின் உட்புறத்தில் ஈரம் கோத்து, மழையே இல்லாத இடத்தில் பெட்டிகள்மேல் மழை பெய்யும். கவுகாத்தியில் காற்றே நனைந்துதான் இருக்கும். பதினோராயிரம் அடிக்கு மேல் இருக்கும் லே ஊருக்குப் போய்ச் சேரும் பைகள் பூரிபோல் உப்பிவிடும். அங்கே காற்று மெலிவு, இங்கே உள்ளே அடைத்த காற்று தடிப்பு. சில பைகள் ஒட்டு விட்டு வாய் திறந்துவிடும்.

புகாரே வராத நிலம் தக்காணம். ஓசூரிலிருந்து கிளம்பி மேட்டுநிலத்தின்மேலேயே போய்ச் சோலாப்பூரிலோ நாக்பூரிலோ இறங்கும் சரக்கைப் பற்றி யாரும் எனக்கு எழுதியதில்லை. அதனால்தான் எனக்கு ஆத்திரமாக இருந்தது. இரும்புக்கு இத்தனை இதமான மேட்டின் விளிம்பில் குடியிருந்துகொண்டு, ஒரு மனுஷியால் மூச்சு விட முடியவில்லை.

அலுவலகச் சுவரில் நாட்டின் நில அமைப்பு வரைபடம் ஒன்று உண்டு. மலைகள் பழுப்பாகவும் சமவெளிகள் பச்சையாகவும் உள்ள சாதாரணப் பள்ளிக்கூட வரைபடம். கிடங்குகள் இருக்கும் ஊர்களில் குண்டூசி குத்தியிருக்கும். மதிய உணவுக்குப் பிறகு அதன் முன்னால் நிற்கத் தொடங்கினேன். கேட்டால் ஏதாவது ஒரு கிடங்கின் பொறுப்பைக் கொடுப்பார்கள். எந்தக் குண்டூசி அவள் மூச்சுக்கு ஏற்றது என்பதுதான் கேள்வி. வடக்கே, கிழக்கே, மேற்கே என்று விரல் ஓடிக்கொண்டே இருக்கும். ஓரிடத்திலும் நிற்காது.

சங்ககிரிப் பக்கத்து ஓட்டுநர் ஒருவர் பல வருடங்களாக எங்கள் சரக்கை ஏற்றிச் செல்கிறார். என் வயதுதான். அவர் போகாத மாநிலம் இல்லை. சரக்கு ஏறிக்கொண்டிருந்த ஒரு மதியம் அவரைப் பிடித்துக்கொண்டேன்.

"ஜோத்பூர்ப் பக்கம் காத்து எப்படிண்ணே? மூச்சுத் திணறல் இருக்கிறவங்களுக்கு ஒத்துக்குமா?"

"எதுக்குங்க சார் கேக்கறீங்க, லோடுக்கா, ஆளுக்கா?"

"ஆளுக்கு."

"ஆளுக்குன்னா, மூக்குக்குள்ள மணல் புத்து வெச்சிருமுங்க. ஒருக்கா புயலடிச்சுது பாருங்க, என்ற வண்டி பச்சையா நீலமான்னு எனக்கே மறந்துபோச்சு."

"கவுகாத்தி?"

"அங்க தொவைச்சுப் போட்ட பனியனை ஓசூர் வந்துதானுங்க காய வெச்சேன்."

"சரி, நாக்பூர்?"

"சித்திரையில டயரு வெடிக்கும். வீட்டுக்காரம்மா டயரை விடக் கெட்டின்னாக் கூட்டிட்டுப் போங்க."

"அப்ப எங்கதான் போறது?"

"என்னைக் கேட்டா? நான் வீட்டுல ரெண்டு நாள் இருந்தாலே தும்மறேனுங்க. எம் பொண்டாட்டி, வண்டியைப் பாத்துத் தும்மாத ஆளு வீட்டைப் பாத்துத் தும்முதுன்னு ஊரெல்லாம் சொல்லி வெச்சிருக்கா."

அன்று மாலை வீட்டில் என் ஆராய்ச்சியைச் சொன்னேன். வறட்சி, உயரம், கடல் தூரம் எல்லாம் பார்த்தால் மகாராஷ்டிரத்தின் உட்பகுதி பரவாயில்லை என்று தோன்றுவதாகச் சொன்னேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"ஏங்க, நான் என்ன உங்க கம்பெனி அட்டைப்பெட்டியா? நெத்தியில 'இந்தப் பக்கம் மேலே'ன்னு அம்புக்குறி போட்டு லாரியில ஏத்தி விட்டுருங்க."

"நல்லதுக்குத்தானே சொல்லுதேன்."

"தெரியாத பாஷைக்காரங்க ஊர்ல மூச்சு வாங்கிக்கிட்டு நின்னா என்னன்னு சொல்லி உதவி கேப்பேன்? இங்க வந்து இத்தன வருசத்துல கன்னடமும் தெலுங்கும் சண்டை போடுற அளவுக்குக் கத்துக்கிட்டேன். மறுபடி ஆனா ஆவன்னாவா? பஸ்ஸுல போயிட்டுப் பொழுதடைய வாற தூரத்துல பாருங்க."

சொந்த ஊருக்குப் போகும் பேச்சு எங்களுக்குள் எழவில்லை. அங்கே எங்களுக்கு வீடும் இல்லை, எனக்கு வேலையும் இல்லை. ஆகவே நாடு முழுவதும் அலைந்த என் விரல் ஓசூரிலிருந்து கிழக்கே இறங்கும் ஒரே சாலையில் வந்து நின்றது.

அந்த இறக்கத்தை அதற்கு முன் எத்தனையோ முறை பேருந்தில் கடந்திருக்கிறேன், கவனித்ததில்லை. ஓசூர் மூவாயிரம் அடிக்குச் சற்றுக் குறைவான உயரம். மேட்டுநிலத்தின் விளிம்பு. சூளகிரி வரை நிலம் அலைபோல் ஏறி இறங்கிக் கொண்டிருக்கும். கோஸ், தக்காளி, ரோஜாத் தோட்டங்களின் நெகிழிக் கூடாரங்கள். பிறகு மொட்டைப் பாறைக் குன்றுகள் சாலையை நெருங்கி வரும். கிழக்கு மலைத்தொடர் இந்தப் பக்கத்தில் தொடராக இல்லை. உடைந்து துண்டுதுண்டாகக் கிடக்கிறது. அந்தத் துண்டுகளின் நடுவே சாலை இறங்கும்போது காது லேசாக அடைத்துத் திறக்கும். ஜன்னல் காற்றில் சூடு ஏறும். ஓசூரில் பேருந்து ஏறும்போது ஸ்வெட்டர் போட்டிருந்தவர்கள் கிருஷ்ணகிரி வருவதற்குள் கழற்றி மடியில் வைத்திருப்பார்கள். ஓசூர் அணையைத் தாண்டி நுரையோடு போகும் தென்பெண்ணையும் இதே படியில்தான் இறங்கிக் கிருஷ்ணகிரி அணைக்கு வந்து, கடலூரில் கடலைச் சேர்கிறது. தண்ணீருக்கு வழி தெரிகிறது. எங்களுக்குத்தான் எந்தப் படியில் உட்காருவது என்று தெரியவில்லை.

ஞாயிறுதோறும் இறங்கினோம். அவள் ஜன்னலோரம் உட்காருவாள். நான் கைப்பேசியில் உயரம் காட்டும் செயலியைத் திறந்து வைத்துக்கொண்டு, "இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்பேன். அவள், "போன தடவை கேட்ட மாதிரியேதான் இருக்கு" என்பாள்.

வாடகை வீடுகளைப் பார்க்க நான் தொழிற்சாலையின் முறையையே பின்பற்றினேன். ஒரு புதிய வழியில் சரக்கு அனுப்பும் முன் நாங்கள் சோதனைப் பெட்டி ஒன்றை அனுப்புவோம். அதற்குள் ஈரம் காட்டும் சிறிய அட்டை இருக்கும். காற்று காய்ந்திருந்தால் அட்டை நீலமாக இருக்கும். ஈரம் ஏறினால் இளஞ்சிவப்பாக மாறும். சூளகிரியில் இரண்டு வீடுகள், கிருஷ்ணகிரியில் மூன்று வீடுகள் என்று பார்த்து, ஒவ்வொன்றிலும் உரிமையாளரிடம் கேட்டு ஓர் அட்டையை அறைச் சுவரில் மாட்டிவிட்டு வந்தேன். அடுத்த ஞாயிறு போய்ப் பார்ப்பது. எங்கள் ஓசூர் வீட்டில் மாட்டிய அட்டை மறுநாளே சிவந்துவிட்டது. அது எனக்குப் பெரிய ஆதாரமாகத் தெரிந்தது.

கிருஷ்ணகிரி மலைக்குப் பின்புறம், ஊருக்கு வெளியே, மாந்தோப்புக்காரர் ஒருவரின் மாடி வீடு. அறுபதைத் தொட்டவர், வெற்றிலை போட்ட வாயோடு சத்தமாகப் பேசுவார். அட்டையை அவர் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இன்னா சார் இது, மந்திரிச்ச சீட்டா?"

"ஈரம் பாக்கிறதுங்க."

"வூட்டுல ஈரம் பாக்கறதுக்குச் சீட்டு எதுக்கு? சுவத்துல கை வெச்சுப் பாருங்க. அடுப்பு தோத்துப்பூடும், அப்படிக் காயுது." என் மனைவியைப் பார்த்து, "இவரு பொண்ணு பாக்க வந்தப்போ உங்க கைல எதுனா சீட்டு கட்டிப் பாத்தாரா?" என்றார்.

"அப்பமே கட்டிப் பாத்திருந்தா இந்தச் சங்கடமே இல்லையே அண்ணே" என்றாள் அவள். அவர் உரக்கச் சிரித்து, உள்ளே திரும்பித் தெலுங்கில் காப்பிக்குச் சொன்னார்.

ஒரு வாரம் கழித்துப் போனபோது அந்த வீட்டின் அட்டை பளிச்சென்று நீலமாக இருந்தது. ஐந்தில் அதுதான் நல்ல நீலம். கார்த்திகையில் குடிபோனோம். ஓசூர் வீட்டையும் விட்டுவிடவில்லை. குத்தகைக்காலம் மீதி இருந்தது. நான் தினமும் பேருந்தில் ஓசூருக்கு ஏறி, இருட்டும்போது இறங்கினேன்.

அந்த மார்கழியை நான் மறக்க மாட்டேன். அவள் படுத்துத் தூங்கினாள். தலையணை ஒன்றே ஒன்று, அதுவும் மெல்லியது. காலையில் தானே நடந்து காய்கறி வாங்கி வந்தாள். ஓசூரில் உறைபோட்டு வைத்திருந்த தையல் எந்திரத்தைக் கொண்டுவந்து தரச் சொன்னாள். அலுவலகத்தில் நான் வரைபடத்தின் முன் நிற்பதை விட்டேன். உயரம், ஈரம் இரண்டையும் அளந்து சரியான படியைக் கண்டுபிடித்துவிட்டதாக எனக்குள் ஒரு மிதப்பு. ஓட்டுநரிடம்கூடச் சொன்னேன். "அப்ப நாக்பூர் தப்பிச்சுது" என்றார்.

தை பாதியில் ஒரு நாள் மாலை நான் மாடியேறியபோது அந்த விசில் கேட்டது.

முதலில் நம்பவில்லை. பேருந்தில் காது அடைத்ததோ என்று நினைத்தேன். அவள் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து இரண்டு கைகளையும் முழங்காலில் ஊன்றியிருந்தாள். நான் ஓடிப்போய்ச் சுவரில் இருந்த அட்டையைப் பார்த்தேன். நீலம். சந்தேகமே இல்லாத நீலம். புதிய அட்டை ஒன்றை மாட்டினேன். அதுவும் நீலம். அடுப்புப் புகையாக இருக்குமோ என்று கட்டிலை மாற்றிப் போட்டேன். பாயைக் காயவைத்தேன். மருந்தின் அளவு கூடியது. விசில் நிற்கவில்லை. ஞாயிறு காலை மறுபடியும் அட்டையின் முன் போய் நின்றேன்.

"அட்டையை எதுக்குப் பாக்குதீங்க?" என்றாள் இடைவெளி விட்டு விட்டு. "என்னையப் பாருங்க. அப்புறம் வெளியே பாருங்க."

வெளியே பார்த்தேன். நாங்கள் குடிவந்தபோது கரும்பச்சையாக இருந்த தோப்பு முழுவதும் வெளிறிய மஞ்சளாக மாறியிருந்தது. ஒவ்வொரு கிளையின் நுனியிலும் பூங்கொத்து. கண்ணுக்கு எட்டிய வரை, மலையடிவாரம் வரை, பூ. தினமும் இருட்டில் போய் இருட்டில் வந்துகொண்டிருந்த நான் அதைக் கவனிக்கவே இல்லை. உயரமும் ஈரமும் மட்டுமே காற்று என்று எண்ணியிருந்தேன். காற்றில் வேறென்ன மிதக்கும் என்று கேட்க ஒரு பொதிகட்டுகிறவனுக்குத் தோன்றவில்லை. இரும்பு மகரந்தத்துக்குத் தும்மாது.

போதாததற்குப் பூவில் பூச்சி விழாமலிருக்க மருந்தும் அடித்தார்கள். வீட்டுக்காரர் கீழே நின்று கேட்டார்.

"இன்னா சார், அம்மாவுக்குத் திரும்ப இழுக்குதா?"

"பூ ஒத்துக்கலை போலிருக்குங்க."

"பூவா?" அவர் முகம் சுருங்கியது. "மாம்பூ வாசம் உடம்புக்கு நல்லதுன்னு நாங்க சொல்லிக்கினு கீறோம். இந்தப் பூவுலதான் சார் இந்த ஊரே சோறு துன்னுது. பூவக் கொற சொன்னா காய் நிக்காது, ஆமா."

ஜன்னலிலிருந்து அவள் குரல் கொடுத்தாள்: "பூவச் சொல்லலண்ணே. என் மூக்கத்தான் சொல்லுதேன்."

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு தோப்புக்குள் போனார். ஆனால் அதற்குப் பிறகு மருந்தடிக்கும் நாளை முன்னதாகவே சொல்லி அனுப்பினார். அன்று ஜன்னல்களைச் சாத்தி ஈரத்துணி கட்டிவைப்போம். சாத்திய அறைக்குள் அவள் இன்னும் தவித்தாள். ஓசூருக்குத் திரும்பினால் பனி இன்னும் போகவில்லை. மேலேயும் முடியாது, இங்கேயும் முடியாது. நான் மறுபடியும் வரைபடத்தின் முன் நின்றேன். அந்தப் பழுப்பையும் பச்சையையும் பார்க்க எனக்கு எரிச்சலாக வந்தது. எந்த இடத்தில் எது எப்போது பூக்கும் என்று அதில் யாரும் எழுதவில்லை.

அந்த வாரத்தில் ஒரு வேலைநாள். கவுகாத்திச் சரக்கு ஏறிக்கொண்டிருந்தது. கைப்பேசி அடித்தது. அவள்தான். பின்னால் ஒலிபெருக்கியும் கோழிச் சத்தமும் கேட்டன.

"எங்க இருக்க?"

"கல்லாவியில."

"கல்லாவியிலயா? அது ஊத்தங்கரைப் பக்கம்லா? அங்க யாரு இருக்கா?"

"யாரும் இல்ல. அந்த அறைக்குள்ள இருக்க முடியல. பஸ் ஸ்டாண்டுக்கு ஆட்டோ புடிச்சேன். நின்ன பஸ்ஸுல ஏறி ஜன்னலோரம் உக்காந்தேன். மத்தூர் தாண்டியும் இழுத்துது. அப்புறம் போகப் போகத் தோப்பு கொறைஞ்சுது. இங்க வந்தப்ப மூச்சு வந்துச்சு. இறங்கிட்டேன்."

"மூச்சு வந்தா இறங்கிருவியா?"

"வேற எதுக்கு இறங்குவாங்க?"

நான் அரைநாள் விடுப்பு சொல்லிவிட்டு ஓடினேன். ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரி, அங்கிருந்து இன்னொரு பேருந்து. வழியெல்லாம் என் மனம் மோசமான காட்சிகளாகக் காட்டிக்கொண்டே வந்தது. கல்லாவியில் அன்று சந்தை. பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே தேநீர்க் கடை பெஞ்சில் அவள் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துத் தின்றுகொண்டிருந்தாள். கடைக்காரப் பெண்ணோடு ஏதோ சிரிப்பு. நான் சாலையைக் கடந்து ஓடிப்போய் நின்றேன்.

"இந்தாங்க, தண்ணி குடிங்க. மூச்சு வாங்குறது இப்ப நீங்கதான்" என்றாள்.

கடைக்காரப் பெண் என்னைப் பார்த்து, "அக்கா அப்பவே சொல்லுச்சு, வருவாரு, வந்து முதல்ல போனை எடுத்து எதையோ பாப்பாருன்னு" என்றாள். நான் உண்மையிலேயே உயரம் பார்க்கக் கைப்பேசியை எடுத்திருந்தேன்.

"எவ்வளவு கீழ இருக்கோம்னு பாத்து என்ன செய்யப் போறீங்க?" என்று என் கையிலிருந்து அதை வாங்கித் தன் பையில் போட்டுக்கொண்டாள்.

நாங்கள் சந்தையைத் தாண்டி வயல் பக்கம் நடந்தோம். கேழ்வரகு அறுத்த காடுகள், கடலைக் காடுகள், நடுவில் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் புளியமரம். வானம் அகலமாக இருந்தது. பேச்சுக்கு நடுவே அவள் நிறுத்தி மூச்சு எடுக்கவில்லை. கடைக்காரப் பெண்ணின் வீட்டுக்குப் பின்னால் ஓர் அறையும் சமையலிடமும் காலியாக இருப்பதாக அவள் ஏற்கெனவே விசாரித்து வைத்திருந்தாள்.

நான் அவசரப்பட வேண்டாம் என்றேன். ஒரு தடவை ஏமாந்தாயிற்று. இங்கே கோடையில் வெயில் எப்படி என்று தெரியாது. கடலை பிடுங்கும் காலத்தில் புழுதி எழும். புளியமரமோ வேறெதுவோ எப்போது பூக்கும் என்று விசாரிக்க வேண்டும். வருடம் முழுவதும் மாதம் ஒருமுறை வந்து பார்த்து, அதற்குப் பிறகு முடிவெடுப்பதுதான் முறை. மேலும் இங்கிருந்து ஓசூருக்குத் தினமும் போய்வர என்னால் முடியாது. வேலையை விடுவதா, வாரத்தில் பாதி நாள் பிரிந்து இருப்பதா? இதையெல்லாம் நான் வரிசையாகச் சொன்னேன்.

அவள் நின்றாள்.

"வருசம் பூரா நீங்க பாத்து முடிக்கிறதுக்குள்ள எனக்கு எத்தன தடவ உதடு நீலமாகணும்?"

என் கை கைப்பேசியைத் தேடியது. அது அவள் பையில் இருந்தது.

"ஒரே இடமா வேணும் உங்களுக்கு. எல்லா மாசத்துக்கும் சேத்து ஒரு குண்டூசி. அப்படி ஒரு இடம் இல்லைன்னா என்னங்க செய்யச் சொல்லுதீங்க? பனிக்குக் கீழ இறங்குவேன். பூத்தா இங்க வருவேன். இங்க புழுதின்னா வேற எங்கயாவது போவேன். காத்து ஒரு இடத்துலயா நிக்கி? மழையே பாதி வருசம் மேக்க இருந்து வருது, பாதி வருசம் கிழக்க இருந்து வருது. நீங்கதான் அதச் சொல்லுவீங்க."

"வீடு வாசல்னு ஒண்ணு வேண்டாமா?"

"மூச்சு இருந்தா வீடு இருக்கும்."

அன்று மாலையே அந்த அறைக்கு முன்பணம் கொடுத்தாள். நான் சம்மதித்தேனா என்று கேட்டால், எதிர்க்கவில்லை என்றுதான் எழுத வேண்டும்.

இப்போது எங்களுக்கு மூன்று இருப்பிடங்கள். பனிக்காலம் பிறந்தால் கிருஷ்ணகிரி மாடி. பூ வந்ததும் கல்லாவி அறை. பூ உதிர்ந்து பிஞ்சு பிடித்து, வெயில் கொதிக்கத் தொடங்கினால் ஓசூர். அப்போது ஓசூரின் குளிர்ச்சியைப்போல அவள் நெஞ்சுக்கு இதமானது வேறில்லை. எந்தக் குளிரிலிருந்து தப்பினோமோ அதன் மிச்சத்துக்கே சித்திரையில் திரும்பி வருகிறோம். புட்டுப் பானை ஓரிடத்தில் இருக்கும், அதன் மூடி வேறோரிடத்தில் இருக்கும். எந்த வீட்டில் எந்தச் சட்டை என்று எனக்கே தெரியாது. எதையும் அதனதன் இடத்தில் வைத்துப் பழகிய எனக்கு இது பெரிய வாதை. அவளோ எதையாவது மறந்துவிட்டு வந்தால், "அங்க போறப்ப இருக்கும்" என்று விட்டுவிடுவாள். மாந்தோப்புக்காரர் எங்களை மழைமேகம் என்று கூப்பிடுகிறார். "மேகம் எப்ப சார் கிளம்புது?" என்று கேட்டுவிட்டு, பூ வைக்கும் முன்பே ஆள் அனுப்பிச் சொல்கிறார்.

நான் இதற்கு ஓர் அட்டவணை போட்டுப் பார்த்தேன். போன வருடம் தை பாதியில் இழுத்ததால், தை முதல் வாரமே கிளம்ப வேண்டும். இந்த வருடம் பூ முன்னதாகவே வந்துவிட்டது. மார்கழியிலேயே அவள் பையைக் கட்டினாள். நான் அட்டவணையை மடித்து இழுப்பறையில் போட்டேன். மருத்துவர் தன் வழக்கப்படி, "இந்த வருஷம் கேக்குது, பாக்கலாம்" என்கிறார். அடுத்த வருடம் என்ன ஆகும் என்று யாரும் எழுதித் தரவில்லை. கல்லாவியிலும் இழுத்தால் எங்கே இறங்குவது என்று பேருந்தில் போகும்போதெல்லாம் வெளியே பார்த்துக்கொண்டே போகிறேன்.

அவள் கல்லாவியில் இருக்கும்போது வேலைநாட்களில் நான் ஓசூரில் தனியாக இருக்கிறேன். அந்த வீட்டில் இப்போது மூச்சுச் சத்தம் கிடையாது. அவள் சுகமாக இருப்பதற்கு அதுவே அடையாளம் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் காது பழக்கத்தை விடவில்லை. இங்கேயிருந்து கேட்க முடியாத ஒன்றைக் கேட்டுக்கொண்டேயிருக்கிறது. போன திங்கட்கிழமை வேலை முடிந்து வந்து, விளக்கேற்றும் நேரத்தில் அவளை அழைத்தேன். சாப்பிட்டாயா, மருந்து இழுத்தாயா என்று கேட்டேன். எல்லாவற்றுக்கும் ஆமாம் என்றாள். பிறகு கைப்பேசியைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தேன். தூரத்தில் ஒரு பேருந்து ஒலிப்பான், யாரோ மாட்டை அதட்டும் குரல், பாத்திரம் வைக்கும் சத்தம்.

"என்னங்க, சத்தத்தையே காணோம்? லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன்."

"என்ன கேக்குதீங்க?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லைன்னா வையிங்க. உலையில அரிசி கிடக்கு."